புகுமுக வகுப்பு எங்கே?

முன்னுரை

‘புகுமுக வகுப்பு’ என்னும் சொல்லை இன்றைய மாணவருள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பி.யு.சி. என்றால் ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கு உடனே விளங்கும். முன்னாளில் பள்ளியில் பதினோராண்டு பயின்று எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள், கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் படித்தார்கள். அதன் பின்னரே மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பு வந்தது. புகுமுக வகுப்பின் பாடங்களைப் பள்ளிகள் ஏற்றுக்கொண்டன. ஆனால் அவ்வகுப்பு செய்துவந்த மற்றொரு வேலை கேட்பாரற்றுப் போயிற்று. கல்லூரி என்னும் புதிய இடத்துக்கு மாணவரைப் பழக்கும் வேலையே அது.

இக்குறையை உணர்ந்துதான் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘தீக்ஷாரம்ப்’ என்னும் பெயரில் புதுமுக மாணவர்க்கான அறிமுக நிகழ்ச்சிக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நம் கல்லூரியிலும் முதலாண்டுத் தொடக்கத்தில் சில நாட்கள் இணைப்புப் பாடம் நடைபெறுகிறது. அது பயனுள்ளதே. எனினும் ஓராண்டில் கைவந்த பழக்கம் சில நாட்களில் வந்துவிடாது. ஆகவே முதல் பருவத்தையே நமக்குரிய புகுமுக வகுப்பாக நாம் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இது ஏன் தேவை?

எங்கள் வேதியியல் வகுப்பில் முதலாண்டில் 40 பேர் சேர்ந்தோம். இன்று இரண்டாம் ஆண்டில் இருப்போர் 33 பேர். இருவர் வேறு படிப்புக்குச் சென்றனர். ஐவர் படிப்பையே நிறுத்திவிட்டனர். அவ்வைவருள் மூவர் தத்தம் பள்ளியில் வேதியியலில் முதலாவதாக வந்தவர்கள். அறிவுக் குறைவால் அவர்கள் போனார்கள் என்று யார் சொல்ல முடியும்? ஒருவர் முதல் பருவத்தில் மூன்று தாள்களில் தவறினார். ‘படிப்பு எனக்கு வராது’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே நூற்பாலை வேலைக்குப் போய்விட்டார். தவறிய தாளை அடுத்த தேர்வில் எழுதிக்கொள்ளலாம், அதுவரை இரண்டாம் பருவத்தில் தொடர்ந்து படிக்கலாம் என்பதை அவர் வீட்டில் எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. கல்லூரி வாசலை மிதித்தவர் அவ்வீட்டில் அவர் ஒருவரே.

பட்டம் பெற்ற தந்தையோ தமக்கையோ உள்ள வீட்டில் இச்செய்திகள் சோற்றோடு சோறாகப் பரிமாறப்படுகின்றன. நம்மைப் போன்ற முதல் தலைமுறையினர் அவற்றைத் தேடித்தான் பெற வேண்டும். தேட வேண்டியவை யாவை என்பதை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. மொழி

நம்மை முதலில் அச்சுறுத்துவது மொழியே. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் உட்காருகிறோம். விரிவுரையாளர் ‘கேட்டலிஸ்ட்’ என்கிறார். புதிதாக ஏதோ நடத்துகிறார் என்று நாம் மிரளுகிறோம். வினைவேகமாற்றி என்று நாம் முன்பே படித்த பொருள்தான் அது. ‘பிரிசிபிடேட்’ என்பது வீழ்படிவு. ‘ஆக்சிடேஷன்’ என்பது ஆக்சிஜனேற்றம். ‘ரிடக்ஷன்’ என்பது ஒடுக்கம். புதிதாகக் கற்க வேண்டியது பெயரை மட்டுமே என்று தெரிந்தால் பாதி அச்சம் நீங்கும்.

மேலும், தமிழ்வழியில் படித்ததை ஒரு குறையாக எண்ணுவது தவறு. தமிழ்க் கலைச்சொற்கள் பலவற்றில் பொருளின் இலக்கணமே அடங்கியிருக்கிறது. வீழ்ந்து படிவது வீழ்படிவு. கரைவது கரைபொருள், கரைப்பது கரைப்பான், இரண்டும் சேர்ந்தது கரைசல். வினையின் வேகத்தை மாற்றுவது வினைவேகமாற்றி. இதனை முன்னர் வினையூக்கி என்றனர். வேகத்தைக் குறைக்கும் பொருள்களும் உண்டாதலால் ‘ஊக்கி’ என்பதினும் ‘மாற்றி’ என்பது பொருத்தமாயிற்று. இவ்வளவு பொருளைச் சொல்லிலேயே வைத்திருப்பவன், வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆங்கிலப் பெயரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. அறிவியல் ஆங்கிலத்தின் கலைச்சொற்களில் பெரும்பகுதி கிரேக்க, இலத்தீன் மூலங்களிலிருந்து வந்தவை. ஆங்கிலப் பள்ளியில் படித்த நம் தோழருக்கும் அவை அயற்சொற்களே. வேரைப் பிடித்தால் கிளைகள் தாமே கைக்கு வரும். ‘லைசிஸ்’ என்றால் பகுத்தல். நீரால் பகுப்பது ஹைட்ராலிசிஸ், அதாவது நீராற்பகுத்தல். மின்சாரத்தால் பகுப்பது எலக்ட்ராலிசிஸ், அதாவது மின்னாற்பகுத்தல். ‘எக்ஸோ’ என்றால் வெளியே, ‘எண்டோ’ என்றால் உள்ளே. எனவே எக்ஸோதெர்மிக் என்பது வெப்ப உமிழ் வினை, எண்டோதெர்மிக் என்பது வெப்பம் கொள் வினை. ‘ஐசோ’ என்றால் சமம், ‘டோபோஸ்’ என்றால் இடம். தனிம அட்டவணையில் ஒரே இடத்தில் அமரும் அணுக்கள் ஐசோடோப்புகள். இவ்வாறு இருபது முப்பது வேர்களைக் கற்றவன் நூற்றுக்கணக்கான சொற்களைக் கண்டு அஞ்சமாட்டான்.

செய்யக்கூடியது இதுதான். ஒரு தாளுக்கு ஐந்து அலகுகள். நான் எண்ணிப் பார்த்தவரையில் ஓர் அலகில் புதிதாக வரும் கலைச்சொற்கள் முப்பதைத் தாண்டுவதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒருபுறம் ஆங்கிலச் சொல்லும் மறுபுறம் தமிழ்ச் சொல்லும் எழுதி வருக. நாளுக்கு ஐந்து சொல் கற்றாலும் முப்பது நாட்களில் ஒரு தாளின் 150 சொற்கள் கைவசமாகும். ஆங்கில வாக்கியத்தைப் படிக்கையில் முதலில் வினைச்சொல் எங்கே என்று தேடுக. தமிழில் அது கடைசியில் நிற்கும், ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து நிற்கும். அதைக் கண்டுகொண்டால் நீண்ட வாக்கியமும் பிடிபடும்.

ஆங்கிலவழியில் படித்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நம் துறையில் இதற்கு என்ன விதி என்பதை முதல் மாதத்திலேயே துறைத்தலைவரிடம் கேட்டறிதல் நலம்.

2. குறிப்பெடுத்தல்

பள்ளியில் ஆசிரியர் வினாவும் விடையுமாகச் சொல்லி எழுத வைத்தார். கல்லூரியில் விரிவுரையாளர் பேசுகிறார், எதை எழுதுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பேசுவதையெல்லாம் எழுத முயன்றால் கை ஓடும், மனம் நிற்கும். எனவே வரையறை, சமன்பாடு, எடுத்துக்காட்டு, விதிவிலக்கு ஆகிய நான்கை மட்டும் வலப்பக்கத்தில் எழுதுக. இடப்பக்கத்தை வெறுமையாக விடுக. அன்று மாலையே பாடநூலைப் பார்த்து, விட்டுப்போனதை அங்கே நிரப்புக. நிரப்ப முடியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி இடுக. மறுநாள் விரிவுரையாளரிடம் கேட்க வேண்டியவை அவையே. ‘ஒன்றும் புரியவில்லை, ஐயா’ என்று போய் நிற்பதைவிட, ‘இந்த இடம் புரியவில்லை, ஐயா’ என்று கேட்பது எளிது. அவருக்கும் விடை சொல்வது எளிது.

3. ஆய்வகம்

பள்ளிச் செய்முறையில் வரவேண்டிய விடையைப் பலர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு எழுதினோம். கல்லூரி ஆய்வகத்தில் விடையை நம் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். பிப்பெட்டால் 20 மி.லி. அமிலத்தை எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய பின்னரே தரம் பார்க்க வேண்டும். சூடு குறைந்தால் வினை மெதுவாக நடக்கும், முடிவுநிலை தவறும். பெர்மாங்கனேட் அடர்ந்த நிறமுடையதால் பியூரெட்டில் கரைசலின் மேல் விளிம்பை வைத்து அளவெடுக்க வேண்டும். நிலைத்து நிற்கும் வெளிறிய இளஞ்சிவப்பே முடிவுநிலை. தனியே நிறங்காட்டி தேவையில்லை.

இதில் கற்க வேண்டிய பெரிய பாடம் வேறு. அருகிலிருப்பவருக்கு 19.8 மி.லி. வந்திருக்கும், நமக்கு 20.6 வந்திருக்கும். உடனே நம் எண்ணை அடித்துத் திருத்தக் கை துடிக்கும். திருத்தக் கூடாது. இருவருக்கும் கொடுத்த கரைசலின் செறிவு வேறாக இருக்கலாம். ஐயமிருந்தால் மீண்டும் தரம் பார்த்து, அடுத்தடுத்த இரு அளவுகள் ஒத்துவரும்வரை செய்க. தன் கண் கண்டதை எழுதும் துணிவே அறிவியல் மாணவனுக்கு முதல் தகுதி.

4. நூலகம்

நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன், கணித ஆசிரியராக அரசுக் கல்லூரிகளில் பணியாற்றியவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில், வாசகரின் காலத்தை வீணாக்கக் கூடாது என்பதும் ஒன்று. அந்தக் காலத்தை மிச்சப்படுத்த நாமும் ஒன்று தெரிந்துகொள்ளலாம். தூயி தசம முறையில் அடுக்கிய நூலகத்தில் கணிதம் 510, இயற்பியல் 530, வேதியியல் 540, தாவரவியல் 580, விலங்கியல் 590 என்னும் எண்களில் இருக்கும். எண்ணை நினைவில் வைத்தால் அலமாரி தானே தெரியும்.

கல்லூரி மாணவர்க்கெனத் தமிழிலேயே எழுதப்பட்ட அறிவியல் நூல்கள் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தால் முன்னரே வெளியிடப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கைப்பேசியிலேயே படிக்கலாம். ஆங்கில நூலையும் இதனையும் அருகருகே வைத்துப் படித்தால் இரண்டும் விளங்கும்.

5. கணக்கும் விதியும்

நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு தாளுக்கு அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75 மதிப்பெண். அகமதிப்பீடு என்பது வகுப்புத் தேர்வுகளாலும் ஒப்படைப்புகளாலும் சிறுகச் சிறுகச் சேர்வது. கடைசி வாரத்தில் உழைத்து அதை ஈட்ட முடியாது.

பருவத்துக்கு 90 வேலைநாட்கள் என்று கொண்டால், வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்கு 68 நாட்கள் வர வேண்டும். மீதம் 22 நாட்கள். நிறையத்தான் தோன்றும். ஊர்த் திருவிழாவுக்கு மூன்று, நடவுக்கும் அறுவடைக்கும் பத்து, காய்ச்சலுக்கு ஐந்து, சான்றிதழ் வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மூன்று என்று போனால் எஞ்சுவது ஒரே நாள்! முதல் நாளிலிருந்தே கணக்கு வைத்துக்கொள்க.

சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி போன்ற தாள்களை முதன்மைப் பாடமல்ல என்று இகழ வேண்டா. அதில் ஒன்று நின்றாலும் பட்டம் நிற்கும்.

அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவ்வகை உதவிகளுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் நம் பெயரில் வங்கிக் கணக்கும், அதனோடு ஆதார் இணைப்பும் வேண்டும். சேர்க்கைக்கு முன்பே இவற்றை முடித்துவிடுதல் நன்று.

6. வீட்டாருக்கு விளக்குதல்

இதை எந்த வழிகாட்டி நூலும் சொல்வதில்லை. காலைச் சுழற்சி ஒரு மணிக்கு முடிந்துவிடுகிறது. ‘அரைநாள்தானே காலேஜ், மிச்ச நேரம் வேலைக்குப் போகலாமே’ என்று வீட்டில் எண்ணுவது இயல்பு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை, அவர்கள் கண்டதில்லை. நேர அட்டவணையைக் காட்டி, மாலை இரண்டு மணி நேரம் படிப்புக்கு என்று முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போயே தீர வேண்டிய வீடுகளும் உண்டு. அங்கே வார நாட்களைக் காத்து, ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கலாம்.

‘அரியர்’ என்னும் சொல்லையும் விளக்கி வைக்க வேண்டும். என் தந்தையாரிடம் சொன்னபோது, ‘பாக்கி நிக்குதா? அடுத்த தவணையில கட்டிடலாமில்ல?’ என்று கேட்டார். அதன் சரியான பொருள் அதுவே. பாக்கி நின்றதற்காக யாரும் நிலத்தை விட்டு ஓடுவதில்லை. எங்கள் வகுப்பை விட்டுப்போன நண்பரின் வீட்டில் இவ்வொரு சொல் விளங்கியிருந்தால் அவர் இன்று எங்களோடு இருந்திருப்பார்.

முடிவுரை

புகுமுக வகுப்பை மீண்டும் கொண்டுவருவது நம் கையில் இல்லை. ஆனால் அதன் வேலையை நாம் பகிர்ந்து செய்யலாம். இரண்டாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு மாணவர் ஒருவரைப் பொறுப்பேற்று, முதல் பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை சந்திக்கலாம். எங்கள் 33 பேரும் எழுதிச் சேர்த்த சொல் நோட்டுகளை ஒன்றாக்கித் துறை அறிவிப்புப் பலகையில் மாட்டலாம். முதல் பருவத் தேர்வு முடிவு வரும் நாளில், தாள் தவறியவர்களைத் தனியே அழைத்து, அடுத்து என்ன செய்வது என்று விரிவுரையாளர்கள் சொல்ல வேண்டுமென இம்மலரின் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்மூன்றுக்கும் பணச்செலவு இல்லை. வரும் கல்வியாண்டில் புதிதாகச் சேர்வோர், இரண்டாம் ஆண்டிலும் அத்தனை பேரும் வகுப்பில் இருக்கக் காண்பதே நம் முயற்சிக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணாகும்.