பதவியைக் கேட்கலாமா? கால்கரி நகரம் தரும் ஒரு பாடம்

 

சென்ற மாதக் கூட்டத்தில் பட்டப்படிப்பு முடித்த ஒரு தம்பி எழுந்து, "அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நம் வார்டில் நான் நிற்கலாமா?" என்று கேட்டார். பெரியவர் ஒருவர் உடனே, "பதவியைத் தேடிப் போகக் கூடாது என்று ஹதீஸ் இருக்கிறதே, தம்பி" என்றார். தம்பி உட்கார்ந்துவிட்டார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

பெரியவர் சொன்னது ஸஹீஹான ஹதீஸ்தான். பதவியைக் கேட்டு வாங்கினால் அதன் சுமையோடு தனியாக விடப்படுவாய், கேட்காமல் வந்தால் உதவி செய்யப்படுவாய் என்ற கருத்துப்பட அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அபூதர் (ரலி) அவர்கள் பொறுப்புக் கேட்டபோதும், அது ஓர் அமானத், அதன் ஹக்கை நிறைவேற்றாதவருக்கு மறுமையில் அது கைசேதம் என்றே எச்சரித்தார்கள்.

ஆனால் ஸூரா யூஸுஃபின் 55ஆம் வசனத்தையும் நாம்தான் ஓதுகிறோம். யூஸுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்கிறார்கள். தம் குலத்தையோ அழகையோ காரணமாகச் சொல்லவில்லை. பொருளைப் பாதுகாக்கத் தெரியும், அந்த வேலையின் அறிவு இருக்கிறது என்ற இரண்டை மட்டுமே சொன்னார்கள். பஞ்சம் வரப்போகிறது, சமாளிக்கத் தெரிந்தவர் ஒதுங்கி நின்றால் மக்கள் பட்டினி கிடக்க வேண்டும். ஆசைக்காகக் கேட்பது வேறு, மக்களின் ஹக் பாழாகும் இடத்தில் தகுதியுள்ளவர் முன்வருவது வேறு என்று உலமாக்கள் இதை விளக்குவார்கள்.

இதற்கு நம் காலத்து உதாரணம் ஒன்று. கனடாவில் கால்கரி என்றொரு நகரம். எண்ணெய்த் தொழிலால் வேகமாக வளர்ந்து, 2010இல் பத்து லட்சம் மக்கள்தொகையைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு மேயர் தேர்தலில் நஹீத் நென்ஷி என்ற 38 வயதுக்காரர் நின்றார். தான்சானியாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை; இஸ்மாயிலி பிரிவைச் சேர்ந்தவர். (அவர்களுக்கும் நமக்கும் உள்ள கொள்கை வேறுபாடு இங்கே பேசும் விஷயமல்ல.) கல்லூரியில் அவர் நடத்திய பாடம், நம்மைப் போன்ற லாப நோக்கமற்ற அமைப்புகளை நிர்வகிப்பது எப்படி என்பது.

2004இலேயே நகரமன்ற உறுப்பினர் தேர்தலில் நின்று தோற்றவர் அவர். ஆனாலும் விடவில்லை. நகரத்தின் வரவு செலவைப் படித்தார், நாளிதழில் எழுதினார். 2010இல் எதிரே நின்றவர்களில் ஒருவர் அனுபவமுள்ள நகரமன்ற உறுப்பினர், இன்னொருவர் ஊரே அறிந்த டிவி செய்தி வாசிப்பாளர். தொடக்கத்தில் நென்ஷியைப் பலருக்குத் தெரியாது. அவர் வீடுகளிலும் காபிக் கடைகளிலும் சிறு சிறு கூட்டமாக உட்கார்ந்து பேசினார். பேசியது என்ன? புறநகரில் புதிது புதிதாக மனை போடும்போது சாலைக்கும் குழாய்க்கும் ஆகும் செலவில் எவ்வளவு பழைய குடியிருப்போரின் வரிப்பணத்தில் விழுகிறது, பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை, வீட்டின் கீழ்த்தளத்தை ஏழைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட ஏன் இத்தனை தடை என்பவைதாம். தன் மதத்தை அவர் மறைக்கவில்லை. அதைக் காட்டி ஓட்டும் கேட்கவில்லை. அக்டோபர் 18 அன்று சுமார் 40 சதவீத ஓட்டுடன் ஜெயித்தார். 2013, 2017 தேர்தல்களிலும் அவரே.

2013 ஜூனில் பெரு வெள்ளம் வந்தபோது அவர் ஓய்வில்லாமல் ஓடியதைப் பார்த்து, "மேயரே, கொஞ்சம் தூங்குங்கள்" என்று மக்களே ட்விட்டரில் எழுதினார்கள். சறுக்கலும் உண்டு. ஒரு கட்டுமான அதிபரைப் பற்றிப் பேசிய பேச்சு அவதூறு வழக்காகி, சமரசத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நகரத்தின் பணத்திலிருந்து போன வழக்குச் செலவை நன்கொடை திரட்டித் திருப்பிக் கட்டினார். அமானத் என்ற சொல்லுக்கு நம் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல இது உதவும்.

நம் ஊர் முறை வேறு. 2022இல் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளிலும் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜெயித்த கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, மேயர் நாற்காலிக்குப் போகிற வழியும் வார்டு வழியாகத்தான். 21 வயது நிறைந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர் நிற்கலாம். இடங்களில் பாதி பெண்களுக்கு. இதில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் நம்மவர்கள் மனைவி பெயரில் மனு போட்டுவிட்டு, அலுவலகத்தில் கணவரே உட்கார்ந்துகொள்கிறார்கள். அமானத் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தானே நாளை கேள்வி? எம்.காம். படித்துவிட்டு நம் தையல் வகுப்புக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதும் சகோதரிகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

டிரஸ்ட் எந்த வேட்பாளருக்கும் பணம் தராது, யாருக்கும் ஓட்டுப் போடச் சொல்லாது. ஜகாத், ஸதகா பணத்துக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவும் திருத்தவும் படிவம் நிரப்ப மட்டும், ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் ஆள் இருப்பார்.

அந்தத் தம்பியை இந்த மாதக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறேன். நம் வார்டில் எந்தத் தெருவில் எத்தனை நாளைக்கு ஒரு முறை குடிநீர் வருகிறது, சாக்கடை எங்கே அடைக்கிறது, கபரஸ்தான் பாதையில் எத்தனை விளக்கு எரிவதில்லை என்று நடந்து பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். தையல் வகுப்புச் சகோதரிகளுக்கும் அழைப்பு போயிருக்கிறது. பெரியவரும் வருவதாகச் சொன்னார்.