அடுத்த புத்தகத்துக்குப் பிள்ளை ஆயத்தமா?

வீட்டிலே கற்பிக்கும் பெற்றோருக்குச் சில யோசனைகள்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே முழுக்கல்வியையும் கொடுக்கும் குடும்பங்கள் ஐக்கிய அமெரிக்கா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் பல உண்டு. அவுஸ்திரேலியாவின் உட்பிரதேசத்தில் அயல்வீடே பல மைல் தூரத்தில் இருப்பதால், 1951ஆம் ஆண்டில் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரிலிருந்து வானொலி மூலம் பாடம் நடத்தும் பாடசாலை ஒன்று தொடங்கப்பட்டது. அக்காலத்தில் குரல் வானொலியில் வந்தாலும், பிள்ளையின் பக்கத்தில் இருந்து கொப்பியைப் பார்த்தவர் பெரும்பாலும் தாயே. நமது நாட்டிலே பாடசாலைக் கல்வி கட்டாயமாயினும், வீடே பாடசாலையான காலங்களை நாமும் கண்டிருக்கிறோம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த வேளையிலும், 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையிலும், புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்தவர்கள் பெற்றோரே.

இப்படிக் கற்பிக்கும் தாய் தந்தையர் எல்லோருக்கும் ஒரு நாள் ஒரு கேள்வி எழும். "இந்தப் புத்தகம் முடிந்துவிட்டது. அடுத்ததைத் தொடங்கலாமா? அல்லது இன்னும் சில நாள் இதிலேயே நிற்க வேண்டுமா?" பாடசாலையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. தை மாதம் பிறந்தால் பிள்ளை அடுத்த வகுப்பு. வீட்டிலோ தீர்மானம் உங்கள் கையில். அதனை எப்படிச் செய்வது என்பதையே இங்கு ஆராய்வோம்.

வயதும் கடைசிப் பக்கமும்

முதலில் இரண்டு தவறான அளவுகோல்களை ஒதுக்கிவைப்போம்.

ஒன்று வயது. "எட்டு வயதாகிவிட்டது, இன்னும் மூன்றாம் வகுப்புக் கணக்கா?" என்று உறவினர் கேட்பர். பெரியம்மாவின் மகன் எந்தப் புத்தகம் படிக்கிறான் என்ற பேச்சும் வரும். அந்தப் பேச்சைக் கேட்ட வெட்கத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுத்த படிக்கு ஓடும் பெற்றோர் பலர். பாரத்தைச் சுமப்பதோ பிள்ளை.

மற்றது புத்தகத்தின் கடைசிப் பக்கம். பக்கங்கள் முடிந்தன என்பதால் பாடம் முடிந்தது என்று பொருளில்லை. தாய் பக்கத்தில் இருந்து, "இல்லை, இல்லை, மற்றதைப் பார்" என்று சொல்லிச் சொல்லி முடித்த புத்தகத்தில், பாதிக் கணக்கைச் செய்தவர் தாயாகவே இருப்பார்.

இதனை நன்கு உணர்ந்த ஒருவர் அமெரிக்கக் கல்வியாளர் கார்ள்ட்டன் வாஷ்பேர்ன். சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள வினெற்கா என்ற ஊரின் பாடசாலைகளுக்கு 1919ஆம் ஆண்டில் அவர் பொறுப்பேற்றார். வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய அடிப்படைப் பாடங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேற அங்கே வழிசெய்யப்பட்டது. பிள்ளை தன் வேலையைத் தானே சோதித்துப் பார்க்கும். சரியென்று கண்டபின் ஆசிரியர் சோதிப்பார். அதில் தேறினால் அடுத்த பகுதி. இதனால் ஒரே பிள்ளை வாசிப்பில் ஒரு படியிலும் கணிதத்தில் அதற்குக் கீழ்ப்படியிலும் இருக்கக் கூடியதாயிற்று. அதை யாரும் குறையாகக் கருதவில்லை.

வீட்டிலே கற்பிப்போர் இதிலிருந்து பெறவேண்டிய முதற்பாடம் இது: "என் பிள்ளை நான்காம் வகுப்புக்கு ஆயத்தமா?" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்காதீர்கள். வாசிப்பில் ஆயத்தமா, எழுத்தில் ஆயத்தமா, கணிதத்தில் ஆயத்தமா என்று தனித்தனியே கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்க வேண்டியதில்லை.

நான்கு கேள்விகள்

ஒவ்வொரு பாடத்திலும் பின்வரும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. தனியே செய்கிறதா? நீங்கள் குசினியில் வேலையாக இருக்கும்போது, பிள்ளை உங்களைக் கூப்பிடாமல் வேலையை முடிக்கிறதா? பக்கத்தில் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்தே பிள்ளை விடையை ஊகித்துவிடும். ஆகவே எழுந்து போய்விடுங்கள்.

2. நாட்கள் சென்றபின்னும் நிற்கிறதா? இன்று படித்ததை இன்றே கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். கற்றது எவ்வளவு விரைவாக மறந்துபோகிறது என்பதை ஜேர்மானிய அறிஞர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி ஆராய்ந்து 1885இல் நூலாக வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும் பகுதி மறந்துபோகும் என்பதும், திரும்பத் திரும்ப மீட்டால் நினைவு நிலைக்கும் என்பதும் அவர் கண்டவை. எனவே ஒரு பாடம் முடிந்து இரண்டு வாரம் சென்றபின், முன்னறிவித்தல் இல்லாமல் கேளுங்கள்.

3. வேறு உருவில் கேட்டாலும் வருகிறதா? "402 தேங்காயில் 178ஐ விற்றால் மிச்சம் எத்தனை?" என்று கேட்கிறீர்கள். பிள்ளை கழிக்கிறது. "நம்மிடம் 178 தேங்காய் இருக்கிறது. 402 வேண்டும். இன்னும் எத்தனை வாங்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். இதுவும் அதே கணக்கென்று பிள்ளைக்குத் தெரிகிறதா, அல்லது 'இன்னும்' என்ற சொல்லைக் கேட்டவுடன் கூட்டத் தொடங்குகிறதா?

4. சொல்லிக் காட்ட முடிகிறதா? "எப்படிச் செய்தாய்? தம்பிக்கு ஒருக்காற் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். இங்கிலாந்தில் வீட்டுக் கல்விக்காகப் பாடுபட்ட சார்லற் மேசன் அம்மையார் (1842-1923), ஒரு பகுதியை ஒரேயொரு முறை வாசித்ததும் அதைப் பிள்ளை தன் சொந்த வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதைத் தம் முறையின் நடுநாயகமாக வைத்தார். சொல்லத் தெரிந்தவனே விளங்கிக்கொண்டவன். மனப்பாடம் செய்தவன் இடையிலே ஒரு சொல் தவறினால் நின்றுவிடுவான்.

எவ்வளவு தேறினால் போதும் என்று கேட்பீர்கள். 1968இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம், போதிய நேரமும் தக்க உதவியும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பாடத்தில் நல்ல தேர்ச்சி பெறலாம் என எடுத்துக் காட்டினார். அவரைப் பின்பற்றுவோர் பொதுவாக 100க்கு 80 புள்ளியை எல்லையாகக் கொள்வர். வீட்டுக்கும் இது பொருந்தும். 10 கேள்வியில் 8 சரியானால் முன்னே செல்லலாம். பிழைத்த இரண்டையும் விளங்கப்படுத்திவிட்டுச் செல்லுங்கள்.

கணிதத்தில் ஒளிந்திருக்கும் ஓட்டை

மற்றப் பாடங்களைவிடக் கணிதத்தில் அவசரம் ஆபத்தானது. அங்கே ஒவ்வொரு படியும் கீழ்ப்படியின்மேல் நிற்கிறது. 402இல் இருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 376 என்று எழுதும். பார்த்தவுடன் "கவனமில்லை" என்று குட்டவேண்டாம். அந்த விடை எப்படி வந்ததென்று பாருங்கள். 2இல் இருந்து 8 போகாது. ஆகவே பிள்ளை 8இல் இருந்து 2ஐக் கழித்து 6 என எழுதியது. அப்படியே 7இல் இருந்து 0, 4இல் இருந்து 1. ஒவ்வோரிடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இது கவனக்குறைவால் வந்ததன்று. இடப்பெறுமானம் விளங்காததால் வந்தது.

இந்தப் பிள்ளையிடம் இதே மாதிரி இன்னும் ஐம்பது கணக்குக் கொடுத்தால் ஐம்பதும் பிழைக்கும். ஈர்க்குகளைச் சிறு துண்டுகளாக முறித்துப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறு என்ற பெரிய கட்டாக்குங்கள். நான்கு பெரிய கட்டும் இரண்டு தனித் துண்டும் வைத்து, 178ஐ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நூறை அவிழ்த்துப் பத்துப் பத்துகளாக்கி, அதில் ஒரு பத்தை அவிழ்த்து ஒன்றுகளாக்கினால், 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று கிடைக்கும். எடுத்தபின் மிஞ்சுவது 224. கையால் அவிழ்த்துப் பார்த்த பிள்ளைக்குக் 'கடன் வாங்குதல்' என்பது என்னவென்று விளங்கிவிடும்.

இதை விளங்காமல் மேலே சென்றால் நெடும்பிரித்தலில் தடுமாற்றம் வரும். பின்னத்தில் பயம் வரும். அட்சரகணிதத்துக்கு வரும்போது "எனக்குக் கணக்கு ஓடாது" என்று பிள்ளையே தீர்ப்புச் சொல்லிவிடும். எட்டு வயதில் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் அடைத்திருக்கக்கூடிய ஓட்டை, பதினாலு வயதில் க.பொ.த. வகுப்பின் வாசலிலே பெரும் பள்ளமாகிறது.

வாசிப்பிலும் எழுத்திலும்

வாசிப்பைச் சோதிப்பது எளிது. பிள்ளை பார்த்திராத ஒரு பக்கத்தை அடுத்த புத்தகத்திலிருந்து எடுங்கள். பழைய பக்கம் உதவாது. படத்தைப் பார்த்தே முழுப் பாடத்தையும் ஒப்புவிக்கும் கெட்டிக்காரர் உண்டு. சுமார் 100 சொற்களை உரத்து வாசிக்கச் செய்து, தடுமாறும் சொற்களை எண்ணுங்கள். 5க்குக் குறைவானால் பிள்ளை அதைத் தனியே வாசிக்கலாம். 5 முதல் 10 வரையானால் உங்கள் துணையோடு வாசிக்கலாம். கற்பிப்பதற்கு ஏற்ற புத்தகம் அதுவே. 10க்கு மேற்பட்டால் இன்னும் காலம் வரவில்லை. வாசித்தபின் புத்தகத்தை மூடி, நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி முடித்துவிட்டுப் பொருளை இழந்த பிள்ளைக்கு மேலும் இலகுவான கதைகளே மருந்து.

எழுத்துக்குச் சொல்வதெழுதல் நல்ல சோதனை. ல, ள, ழ வேறுபாட்டிலும் ர, ற வேறுபாட்டிலும் ஒன்றிரண்டு பிழைகள் வருவது வழமை. அதற்காகப் பிள்ளையை நிறுத்திவைக்க வேண்டாம். கொம்பும் காலும் இடம் மாறி, கொ என்பதற்குக் கெ என்றும், கோ என்பதற்குக் கொ என்றும் அடிக்கடி வந்தால், அதைத் திருத்திவிட்டே கட்டுரை எழுதுவதற்குச் செல்லுங்கள்.

ஆயத்தமில்லை என்று கண்டால்

முழுப் புத்தகத்தையும் மறுபடி முதலிலிருந்து தொடங்காதீர்கள். அது தண்டனையாகவே பிள்ளைக்குத் தோன்றும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு மாத்திரம் திரும்பிப் போங்கள். வேறு முறையில் விளக்குங்கள். நாளுக்குக் கால் மணித்தியாலம் போதும். முன்பு நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனத் தடுமாறினால் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். உறக்கம் போதுமா, மனத்தில் ஏதேனும் பயமுண்டா என்றும் பாருங்கள். தம்பி தங்கையர் முன்னிலையில் "நீ பின்னுக்கு நிற்கிறாய்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

ஆயத்தமான பிள்ளையை நிறுத்திவைப்பதும் பிழையே. தெரிந்த கணக்கையே நாள்தோறும் செய்யும் பிள்ளை கொட்டாவி விடும், கிறுக்கும், குழப்படி செய்யும். நான்கு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்துவிட்டதா? புத்தகத்தில் இன்னும் இருபது பக்கம் மீதியிருந்தாலும் மூடிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கொப்பி வைத்து, பிள்ளை எதில் எப்போது தேறியது என்பதைத் திகதியிட்டு எழுதிவையுங்கள். இடையில் வீட்டில் படித்த பிள்ளை மீண்டும் பாடசாலைக்குச் செல்லும்போது பெரும்பாலும் வயதைப் பார்த்தே வகுப்பு கொடுப்பர். அப்போது அந்தக் கொப்பியை வகுப்பாசிரியரிடம் காட்டி, "இதில் பலம், இதில் உதவி வேண்டும்" என்று நீங்கள் தெளிவாகச் சொல்லலாம். எந்த ஆசிரியருக்கும் அது பேருதவி.

பெற்றோரே, ஒரே நாளில் நட்ட இரண்டு தென்னங்கன்றுகளும் ஒரே நாளில் பாளை விடுவதில்லை. பக்கத்து வீட்டுக் கன்றைப் பார்த்து நமது கன்றின் குருத்தை யாரும் இழுத்து நீட்டுவதுமில்லை. இந்த வாரமே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, இரண்டு வாரத்துக்கு முன் படித்த பாடம் ஒன்றிலிருந்து பத்துக் கேள்விகளைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்து அப்பால் செல்லுங்கள். திரும்பி வந்து கொப்பியைப் பார்க்கும்போது, அடுத்த புத்தகத்தைத் திறப்பதா, சற்றுப் பொறுப்பதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.