திட்டவிலக்கத்துக்கு ஓர் ஆர் தொகுப்பு: எழுதுவதும் விளக்குவதும்

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ என்ற இயலில் திட்டவிலக்கம் வருகிறது. கையால் செய்த கணக்கை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் சரிபார்க்க வைத்தால் மாணவர்களுக்கு ஆர்வம் கூடும். ஆனால் ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் சரிபார்த்தால் பாடநூல் விடையும் கணினி விடையும் ஒத்துப்போகா. கணினி தவறாது என்று நம்பும் மாணவர், சரியாகச் செய்த தன் விடையை அடித்துவிடுவார். இதற்கு நாமே செய்துகொள்ளக்கூடிய தீர்வைப் பார்ப்போம்.

ஒரே கணக்கு, இரண்டு விடை

நான் பணியாற்றும் விருத்தாசலம் செராமிக் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். எனவே எடுத்துக்காட்டும் இங்கிருந்தே. ஒரே அச்சில் வார்த்த 8 பீங்கான் பொம்மைகளின் எடை கிராமில் 72, 74, 74, 74, 75, 75, 77, 79 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 600; சராசரி 75. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 32.

பாடநூல் முறைப்படி 32ஐ 8ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் திட்டவிலக்கம் 2. ஆர் மொழியின் எஸ்.டி. என்ற செயற்கூறோ 32ஐ 7ஆல் வகுக்கிறது. விடை ஏறத்தாழ 2.14.

இரண்டும் சரியே. கேள்விதான் வேறு. நம்மிடம் உள்ள 8 பொம்மைகளே முழுமைத்தொகுதி என்றால் 8ஆல் வகுக்க வேண்டும். ஒரு சூளையில் வெந்த நூற்றுக்கணக்கான பொம்மைகளிலிருந்து 8ஐ மட்டும் கூறாக எடுத்து, மொத்தத்தின் பரவலை மதிப்பிடுகிறோம் என்றால் ஒன்று குறைத்து 7ஆல் வகுக்க வேண்டும். கூறின் உறுப்புகள் மொத்தத்தின் சராசரியைவிடத் தம் சொந்தச் சராசரியையே நெருங்கி நிற்கும். அதனால் ஏற்படும் குறைமதிப்பை ஒன்று குறைப்பது ஈடுசெய்கிறது. 8 உறுப்புகளில் இரு விடைகளுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 7 விழுக்காடு; 40 உறுப்புகளில் 1.3 விழுக்காடு மட்டுமே.

எக்செலில் இரண்டுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் உண்டு. ஆர் மொழியின் அடிப்படைத் தொகுப்பில் பாடநூல் முறைக்கென்று தனிச் செயற்கூறு இல்லை. ஆனால் எஸ்.டி.யின் உதவிப் பக்கத்தைத் திறந்தால், எண்ணிக்கையில் ஒன்று குறைத்தே வகுக்கப்படுகிறது என்று தெளிவாக எழுதியிருக்கும். அந்த ஒரு வரிதான் குழப்பத்தைத் தீர்க்கிறது.

ஆர் மொழியும் தொகுப்புகளும்

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி ஆர். 1995இல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது, 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. இதைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் இதைக் கல்வி நிலையங்களில் பரப்பிவருகிறது.

அடிப்படை மொழியில் இல்லாத வசதிகளைப் பயனர்களே பேக்கேஜ் என்ற வடிவில் எழுதிச் சேர்க்கிறார்கள். இதைத் தொகுப்பு என்று சொல்லலாம். 1997இல் தொடங்கிய கிரான் என்ற களஞ்சியத்தில் இன்று 20,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. பள்ளி அளவில் நாம் எழுதுவதைக் கிரானுக்கு அனுப்பவேண்டிய தேவையில்லை. தொகுப்பை ஒரே கோப்பாக்கிப் பென்டிரைவில் கொடுத்தாலே அடுத்த பள்ளியில் நிறுவிக்கொள்ளலாம்.

தொகுப்பின் உள்ளே

யூஸ்திஸ், டெவ்டூல்ஸ் என்ற இரு தொகுப்புகளை நிறுவிக்கொண்டால் வேலை எளிது. யூஸ்திஸில் உள்ள ஒரு கட்டளையே வெற்றுக் கட்டமைப்பை உருவாக்கித் தரும். தொகுப்பின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி மட்டுமே வரலாம். எழுத்தில்தான் தொடங்க வேண்டும். முக்கியப் பகுதிகள் இவை:

1. டிஸ்கிரிப்ஷன் கோப்பு: தொகுப்பின் பெயர், தலைப்பு, பதிப்பு எண், எழுதியவர், உரிமம்.
2. ஆர் கோப்புறை: செயற்கூறுகளின் நிரல்.
3. மேன் கோப்புறை: ஒவ்வொரு செயற்கூறுக்கும் உதவிப் பக்கம்.
4. நேம்ஸ்பேஸ் கோப்பு: எந்தச் செயற்கூறுகள் பயனருக்குத் திறந்தவை என்ற பட்டியல்.
5. டெஸ்ட்ஸ் கோப்புறை: விடை சரியா என்று பார்க்கும் சோதனைகள்.

நம் தொகுப்பில் முதலில் ஒரே செயற்கூறு போதும். சராசரி காண்பது, விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டுவது, எண்ணிக்கையால் வகுப்பது, வர்க்கமூலம் எடுப்பது என்று நான்கு படிகள். நிரல் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். அதிக நேரம் விளக்கம் எழுதவே வேண்டும்.

உதவிப் பக்கம் எழுதும் முறை

ராக்சிஜன்2 என்ற தொகுப்பைப் பயன்படுத்தினால் விளக்கத்தைத் தனிக் கோப்பில் எழுத வேண்டியதில்லை. நிரலுக்கு நேர் மேலேயே சிறப்புக் குறியிட்ட வரிகளில் எழுதலாம். அது மேன் கோப்புறையில் உதவிப் பக்கமாக மாறிவிடும். நிரலும் விளக்கமும் அருகருகே இருப்பதால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்றும் கண்ணில் படும். டிஸ்கிரிப்ஷன் கோப்பில் என்கோடிங் யூ.டி.எஃப்-8 என்று குறித்தால் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம்.

நம் செயற்கூறின் பக்கம் இப்படி அமையலாம்:

*தலைப்பு:* பாடநூல் முறையில் திட்டவிலக்கம்.
*விவரம்:* தரவு முழுவதையும் முழுமைத்தொகுதியாகக் கொண்டு, உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. எஸ்.டி. செயற்கூறின் விடையிலிருந்து இது வேறுபடும்.
*உள்ளீடு:* எண்களின் வரிசை. தேர்வுக்கு வராதவருக்கு 0 இடக் கூடாது, என்.ஏ. என்று இட வேண்டும்.
*வெளியீடு:* ஓர் எண். என்.ஏ. உள்ள இடங்களை விட்டுவிட்டுக் கணக்கிடும்.
*எடுத்துக்காட்டு:* 72, 74, 74, 74, 75, 75, 77, 79, விடை 2.

உள்ளீடு பற்றிய குறிப்பைச் சிறிதாக எண்ண வேண்டாம். ஐந்து தேர்வுகளில் 60, 70, 80, 50 பெற்று ஒன்றுக்கு வராத மாணவரின் சராசரி 65. வராததற்கு 0 இட்டால் அது 52 ஆகிவிடும். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை மெல்லக் கற்போர் பட்டியலுக்குப் போய்விடும். வராததை எப்படிக் கணக்கில் கொள்வது என்ற முடிவு நம்முடையது. அந்த முடிவு உதவிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுகளில் உண்மையான மாணவர் பெயரையோ மதிப்பெண்ணையோ வைக்காதீர்கள். தொகுப்பு கைமாறும்போது அவையும் கைமாறும்.

சரிபார்த்தல்

ஆர் மொழியில் செக் என்ற கட்டளை தொகுப்பு முழுவதையும் சோதிக்கும். பயனருக்குத் திறந்த செயற்கூறுக்கு உதவிப் பக்கம் இல்லையென்றால் எச்சரிக்கும். நிரலில் உள்ள உள்ளீடும் விளக்கத்தில் உள்ள உள்ளீடும் பொருந்தாவிட்டாலும் எச்சரிக்கும். எடுத்துக்காட்டுகளை இயக்கிப் பார்த்து, ஓடாவிட்டால் பிழை என்று நிறுத்திவிடும்.

ஆனால் எடுத்துக்காட்டு ஓடுகிறதா என்பதைத்தான் அது பார்க்கும். வந்த விடை சரியா என்று அதற்குத் தெரியாது. அதற்காக டெஸ்ட்தட் தொகுப்பைக் கொண்டு ‘இந்த 8 எடைகளுக்கு விடை 2 வர வேண்டும்’, ‘எல்லா எண்ணும் சமமானால் 0 வர வேண்டும்’ என்று சோதனைகள் எழுதுகிறோம். பின்னாளில் யார் நிரலை மாற்றினாலும் இவை காவல் காக்கும்.

வகுப்பறைச் செயல்பாடு

நிரல் தெரியாத மாணவர்களும் இதில் பங்கேற்கலாம். வகுப்பை மூன்று குழுவாகப் பிரியுங்கள். முதல் குழு பாடநூல் கணக்குகளைக் கையால் செய்து சோதனைக்கான விடைகளைத் தரட்டும். இரண்டாம் குழு உதவிப் பக்கத்தைத் தமிழில் எழுதட்டும். மூன்றாம் குழு ஆசிரியரிடம் எதுவும் கேட்காமல் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துச் செயற்கூறைப் பயன்படுத்தட்டும். அவர்கள் தடுமாறும் இடம்தான் விளக்கம் போதாத இடம். இரண்டாம் குழு அதைத் திருத்தி எழுதும். ஜூன் 29 தேசியப் புள்ளியியல் நாளில் நடத்த ஏற்ற செயல்பாடு இது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஆர் மொழி இல்லாமலே இதைப் பின்பற்றலாம். மதிப்பெண் தாளாக நீங்கள் வைத்திருக்கும் எக்செல் கோப்பில் ‘விளக்கம்’ என்று ஒரு தாளைச் சேருங்கள். எந்தக் கட்டத்தில் என்ன இட வேண்டும், வராதவருக்கு என்ன குறி, சராசரி எதனால் வகுக்கப்படுகிறது, சரிபார்க்க ஒரு மாதிரிக் கணக்கு ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள்.

பொம்மை அச்சு செய்பவர் அதைப் பொம்மையைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்வார். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். எந்த மண்ணுக்கு எவ்வளவு சுருக்கம் கணக்கிட்டார் என்பது தெரியாவிட்டால் அந்த அச்சு அடுத்தவர் கையில் சரியான அளவு தராது. நம் நிரல்களும் அப்படித்தான். மாறுதல் கலந்தாய்வில் நாம் வேறு பள்ளிக்குப் போகலாம். நம் இடத்துக்கு வருபவர் நம்மைத் தொலைபேசியில் தேடாமல் நாம் செய்ததைப் பயன்படுத்த முடிந்தால், அந்த வேலை முழுமையடைந்தது என்று கொள்ளலாம்.