வக்கீல் இல்லாமல் பிள்ளை வழக்கு: கொடுங்கையூர்ப் பேச்சும் சட்டமும்

மூலக்கடைப் பக்கம் ஒரு வீட்டுச் சண்டை கோர்ட் வரை போய்விட்டால், தெருவில் பாதிப் பேர் சட்டம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். “வக்கீல் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க” என்பார் ஒருவர். “ஃபேமிலி கோர்ட்டுக்கு எதுக்கு வக்கீல்? நேரா ஜட்ஜம்மாகிட்ட அழு” என்பார் இன்னொருவர். கோர்ட்டுக்குப் போகப் பாரிமுனை பஸ் ஏறும் முன் இரண்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

முதல் ஆள் சொன்னது தவறு. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கோர முடியாது. நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்களே வாய் திறந்து பேசட்டும் என்ற எண்ணத்தில் எழுதிய சட்டம். நடைமுறையில் மனு போட்டால் அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது ஆள் சொன்னதுதான் ஆபத்து. பிள்ளை யாரிடம், ஞாயிற்றுக்கிழமை யாரிடம் என்று இருவரும் ஒத்துப்போய்விட்டால் வக்கீல் இல்லாமலே முடிக்கலாம். எதிர்ப்பு வந்தால் கதை வேறு. சாட்சிய விதிகளின் கறார் அங்கே தளர்வுதான். ஆனாலும் குறுக்கு விசாரணை உண்டு. ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவரைக் கேள்வி கேட்கும்போது குரல் எகிறும், பேச்சு பழைய நகைக் கணக்கில் போய் நிற்கும். நீதிபதி தேடுவதோ பிள்ளையின் நலனை. பள்ளிக்கூடத்தில் யார் கொண்டுபோய் விடுகிறார், ஷிஃப்ட் முடிந்து திரும்பும்வரை பாட்டி பார்த்துக்கொள்கிறாரா, குப்பைமேட்டுப் புகையில் இழுப்பு வரும் பிள்ளையின் மருந்துச் சீட்டு யார் கையில் இருக்கிறது? இதையெல்லாம் தேதி வாரியாக அஃபிடவிட்டில் கோத்துத் தருவதற்குத்தான் வக்கீல். வழக்கு முடியும்வரை பிள்ளையைப் பார்க்க இடைக்கால மனு போடலாம் என்பதே தனியாகப் போகிறவர் பலருக்குத் தெரிவதில்லை.

“ஃபீஸ் கட்ட வழியில்லை” என்பவர்கள் 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆண்கள் அதிகம் அறியாத செய்தி: ஆலைத் தொழிலாளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். மணலியிலோ எண்ணூரிலோ மெஷின் ஓட்டும் அப்பா தாராளமாக விண்ணப்பிக்கலாம். உதவி எண் 15100. இலவச வக்கீல் ஏனோதானோவென்று நிற்பார் என்ற பயம் முழுப் பொய்யில்லை. காசு வாங்கியும் அப்படி நிற்பவர்கள் இல்லையா என்ன?

“வக்கீல் வெச்சாச்சு, நான் வேலைக்குப் போறேன்” என்பதும் நடக்காது. கோர்ட் அனுப்பும் கவுன்சிலிங்குக்கு நீங்களே வர வேண்டும்.

பிள்ளை அஞ்சு வயதுக்குக் கீழே என்றால் அம்மாவுக்குத்தான், வாதாடவே வேண்டாம் என்பதும் அரைகுறை. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டம் ‘சாதாரணமாக’ என்ற சொல்லைப் போட்டு விதிவிலக்குக்கு இடம் விட்டிருக்கிறது.

ஒருமுறை தோற்றால் பிள்ளை போச்சு என்று அழுகிறவர்களுக்கு நம் ஊரிலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளை வளர வளர, சூழ்நிலை மாற மாற, கஸ்டடி உத்தரவையும் மாற்றலாம் என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் ஒரு மனு போட வேண்டும். மாறிய சூழ்நிலை என்னவென்று அதில் எழுத வேண்டும்.