ஐந்து சரி, ஆறாவது?

நண்பர்களே, பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டர் இருந்தால் எடுத்து 4294967297 என்று அடியுங்கள். திரை நிறைந்துவிடும். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு இது தெரிந்த முகம்தான். 2-ன் 32-ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டினால் இந்த எண். இது பகா எண்ணா, பகு எண்ணா?

பிரான்ஸ் நாட்டு ஃபெர்மா சட்டம் படித்தவர். கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு. 2-ன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 1 கூட்டினார். 3, 5, 17, 257, 65537 என்று வந்தது. ஐந்துமே பகா எண்கள். ஆகவே இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று நம்பி 1640-ல் கடிதம் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒத்துக்கொண்டார். அடுக்கு 32 ஆகும்போது வரும் ஆறாவது எண்தான் நம்ம எண்.

நம்மில் பல பேர் இப்படித்தானே? மூணு கணக்குக்கு ஃபார்முலா ஒத்து வந்தால் நாலாவதுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம். எங்கப்பா கொத்தனார், பள்ளிக்கூடம் போகாதவர். ஆனா அஞ்சு செங்கல்லைத் தட்டிப் பார்த்துட்டு லோடு முழுக்க நல்லதுன்னு இறக்க மாட்டார்.

1729-ல் கோல்ட்பாக் என்பவர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த விஷயத்தைக் கேட்டார். 1732-ல், 25 வயதில், ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. பெருக்கிப் பாருங்கள், அப்படியே வரும்.

641 வரை மொத்தம் 116 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுக்க வேண்டுமா? வேண்டாம். இந்த எண்ணுக்குப் பகா எண் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆகணும் என்று ஆய்லரே பின்னால் நிரூபித்தார். அந்த வகையில் வருபவை 193, 257, 449, 577, 641. அஞ்சாவது சாவியிலேயே பூட்டு திறந்துவிட்டது!

கால்குலேட்டரே இல்லாமலும் காட்டலாம். என்னைப் போல் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் மிரள வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும். 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு. எனவே 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்வோம். 640 = 5 × 2-ன் 7-ஆம் அடுக்கு. இரு பக்கமும் நாலாம் அடுக்குக்கு உயர்த்துங்கள். 625 × 2-ன் 28-ஆம் அடுக்குக்கு மீதி +1. ஆனால் 625 என்பது 641-க்கு 16 குறைவு, அதாவது மீதி −16. 16 என்பது 2-ன் 4-ஆம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்தால் 32. ஆக, 2-ன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. ஒன்று கூட்டினால் பூஜ்யம். முடிந்தது. பத்து இலக்க எண்ணை நாம் எழுதவே இல்லை, கவனித்தீர்களா?

ஏழாவது எண்ணுக்கு 20 இலக்கம். லாண்ட்ரி என்பவர் 1880-ல் அதை உடைத்தார். 274177 ஒரு காரணி. ஆறாவதிலிருந்து முப்பத்து மூன்றாவது வரை எல்லாமே பகு எண்தான் என்று தெரிந்துவிட்டது. 65537-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இந்த வரிசையில் அகப்படவில்லை. முப்பத்து நான்காவது எந்தப் பக்கம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.