வாழைத்தார் உறையில் பறந்த இறக்கை

கேள்வி: முக்கோண இறக்கைக்கு அடியில் தொங்கிக்கொண்டு மலையிலிருந்து பறக்கிறார்களே, அந்த ஹேங் கிளைடரைக் கண்டுபிடித்தவர் யார்?

பதில்: ஒரே ஒருவரைக் கைகாட்டிவிட முடியாது. பறந்து காட்டியவர் ஒருவர், துணி இறக்கையைத் தந்தவர்கள் ஒரு தம்பதி, அதில் மனிதனைச் சரியான இடத்தில் தொங்கவிட்டவர் மற்றொருவர்.

ஜெர்மனிப் பொறியாளர் ஓட்டோ லிலியென்தால் 1891-இல் பறக்கத் தொடங்கினார். பெர்லினை ஒட்டிய லிச்டர்ஃபெல்டேயில் தனக்கென்றே 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்குன்றை எழுப்பிக்கொண்டார். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் அதற்கு எதிர்முகமாக ஓடி எழும்பலாம் அல்லவா? ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 2000 முறை பறந்தார். அவர் கடந்த அதிகபட்சத் தூரம் சுமார் 250 மீட்டர். ஆனால் அவருடைய கருவியில் ஒரு குறை இருந்தது. கைகளையும் தோள்களையும் சட்டத்துக்குள் ஊன்றிக்கொண்டு பறந்ததால், இடுப்புக்குக் கீழே உள்ள உடலை மட்டுமே ஆட்டிச் சமநிலை பார்க்க முடிந்தது. 1896 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, இறக்கையின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு வேகம் செத்துப்போனது. கால்களை எவ்வளவு வீசியும் அதை மீட்க முடியவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவர் மறுநாள் இறந்தார். அப்படி இறக்கை காற்றின் பிடியை இழப்பதைத்தான் விமானிகள் ‘ஸ்டால்’ என்கிறார்கள்.

அடுத்த பெரிய அடி அமெரிக்காவில் ஒரு வீட்டுக்குள் விழுந்தது. விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ரொகாலோவும் மனைவி கெர்ட்ரூடும் 1948-இல் விறைப்பான சட்டமே இல்லாத ஒரு பட்டத்தை உருவாக்கினார்கள். மின்விசிறி வைத்து வீட்டிலேயே காற்றுக்குகை அமைத்தார்கள். சமையலறைத் திரைச்சீலைத் துணியை வெட்டித் தைத்தார்கள். பிறகு நாசா இதைக் கையிலெடுத்தது. விண்வெளியிலிருந்து திரும்பும் ஜெமினி கலம் கடலில் விழாமல், இந்த இறக்கையை விரித்துத் தரையில் இறங்கட்டும் என்பது திட்டம். அதற்காகச் செய்த சோதனைக் கருவியில் பறந்து பார்த்தவர்களில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். கடைசியில் பாராசூட்டே போதும் என்று திட்டத்தைக் கைவிட்டார்கள்.

ஆனால் அதற்கு முன்பே ரொகாலோ இறக்கையின் படம் பத்திரிகைகள் வழியே உலகைச் சுற்றியிருந்தது. ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் ஊரில் ஜான் டிக்கன்சன் கண்ணிலும் பட்டது. ஊர்த் திருவிழாவில் படகு இழுக்க ஆற்றின் மேல் பறந்து காட்ட ஒரு பட்டம் வேண்டும் என்று நீர்ச்சறுக்கு மன்றத்தார் அவரிடம் கேட்டிருந்தார்கள். அது வாழை விளையும் பகுதி. தார்களுக்கு உறை போடும் பிளாஸ்டிக் தாள் மலிவாகக் கிடைத்தது. அதையே இறக்கையாக்கினார். 1963-இல் அது கிளாரன்ஸ் ஆற்றின் மேல் பறந்தது. அவர் செய்த உண்மையான புதுமை இறக்கைக்குக் கீழே இருந்தது. பறப்பவரை எடை மையத்தில் ஊசலாகத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு முக்கோணச் சட்டத்தைக் கைக்குக் கொடுத்தார். இப்போது கால் மட்டுமல்ல, முழு உடலும் நகர்ந்தது. லிலியென்தாலுக்குக் கிடைக்காமல் போனது இதுதான். இன்றைய ஹேங் கிளைடர்கள் ஏறக்குறைய அனைத்திலும் இருப்பது அந்தச் சட்டம்தான். இத்தனைக்கும், உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு அவருக்குத் தங்கப் பதக்கம் தந்தது 2012-இல்தான். இவ்வளவு தாமதம் நியாயமே இல்லை.

கேள்வி: இன்ஜினும் இல்லை, பிரேக்கும் இல்லை. எப்படி அடிபடாமல் இறங்குகிறார்கள்? அதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

பதில்: மணலில்தான் தொடங்குகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ஜாக்கிஸ் ரிட்ஜ் மணல்மேட்டில் 1974 முதல் ஒரு பயிற்சிப் பள்ளி நடக்கிறது. ரைட் சகோதரர்கள் பறந்த குன்று பக்கத்தில்தான். ஓய்வுபெற்ற ரொகாலோவும் அந்தப் பகுதியிலேயே குடியேறி, அதே மணல்மேட்டில் பறந்தார்.

பறக்குமுன் முதல் பாடம் கொக்கி. இடுப்புப் பட்டை இறக்கையில் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும். 2018-இல் சுவிட்சர்லாந்தில் பயிற்றுநரோடு பறந்த ஒரு பயணியின் கொக்கி மாட்டப்படவே இல்லை. இரண்டு நிமிடத்துக்கும் மேலாகக் கையால் பற்றித் தொங்கியபடியே தரை சேர்ந்தார். மணிக்கட்டு முறிந்தது, உயிர் தப்பியது.

அடுத்தது சட்டத்தின் பாடம். தன் பக்கம் இழுத்தால் உடல் முன்னே போகும், இறக்கையின் மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் வேகம் குறையும். தரை நெருங்கும்போது பயத்தில் கை தானாகவே சட்டத்தைத் தள்ளப் பார்க்கும். புதியவர்கள் வெல்ல வேண்டியது இந்தப் பயத்தைத்தான். தரையை ஒட்டிய காற்று உரசலால் மெதுவாகத்தான் வீசும். அதற்குள் நுழையும்போது இறக்கைக்குக் கிடைக்கும் காற்று சட்டென்று குறையும். அதனால் கடைசி இறக்கத்தில் கூடுதல் வேகம் கையிருப்பில் இருக்க வேண்டும். முகம் காற்றை எதிர்கொள்ள வேண்டும். அதற்குமேல் திருப்பமே கூடாது.

பிறகு தரைக்கு மேல் சற்றே உயரத்தில் மட்டமாக மிதந்து, வேகத்தைத் தானே கரையவிட வேண்டும். உடல் நிமிர்ந்திருக்கும், கைகள் சட்டத்தின் பக்கக் குழாய்களில் தோள் உயரத்தில் இருக்கும், பார்வை தூரத்தில் நிற்கும். இறக்கை தளர்வதைக் கை உணர்ந்த அந்த நொடியில், இரு கைகளையும் முழுதாக மேலும் முன்னும் தள்ள வேண்டும். மூக்கு வானம் பார்க்கும், இறக்கை முழுவதும் காற்றுக்குக் குறுக்கே நிமிரும், வேகம் அறவே நிற்கும், பாதம் மண்ணைத் தொடும். லிலியென்தாலைக் கொன்ற அதே ஸ்டாலைத்தான் இவர்கள் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள், விழுவதற்கு உயரமே மிச்சமில்லாத இடத்தில்.

அவசரப்பட்டால் கிளைடர் மீண்டும் ஏறி, அங்கிருந்து பொத்தென்று விழும். தாமதித்தால் மூக்கு மண்ணில் குத்தி, ஆள் முன்னே வீசப்படுவார். குழாயை இறுகப் பற்றியிருந்தால் கை எலும்பு முறியும். ஆகவே மூக்கு குத்தப்போகிறது என்று தெரிந்தால் பிடியை விடவும் பழக்குகிறார்கள். தொடக்கத்தில் சட்டத்தின் அடியில் சிறு சக்கரங்கள் பூட்டிவிடுவது நல்ல ஏற்பாடு. ஃபிளேர் எனப்படும் அந்தக் கடைசித் தள்ளல் கைவராதவரை வயிற்றுப்பாட்டில் உருண்டே இறங்கிவிடலாம்.

கேள்வி: அதிகபட்சம் எவ்வளவு தூரம் பறந்திருக்கிறார்கள்?

பதில்: 764 கிலோமீட்டர். 2012 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சபாட்டா என்ற ஊரிலிருந்து கிளம்பிய டஸ்டின் மார்ட்டின், வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைப் பிடித்துப் பிடித்து ஏறி, பகல் முழுவதும் பறந்து இதைச் சாதித்தார். ஆஸ்திரேலியரான ஜானி டுரான்ட் வழி நெடுக அவருடனேயே பறந்து, சில கிலோமீட்டர் முன்னதாகத் தரையிறங்கினார்.