அயர்லாந்துக் கடலோரமும் கேமராவும்

கேள்வி: அயர்லாந்தின் கடலோரத்தையும் ஊர் வாழ்க்கையையும் படமெடுக்க ஏற்ற இடமும் நேரமும் எவை?

பதில்: கிளேர் மாவட்டத்தின் மோகர் செங்குத்துப் பாறைகள் 214 மீட்டர் வரை உயர்ந்து, மேற்கே அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கின்றன. காலையில் நிழலில் கிடக்கும் அவற்றின் மேல் பிற்பகலில்தான் வெயில் விழும். மழை விட்ட கையோடு வரும் வெளிச்சம் இன்னும் அருமை. லென்ஸில் உப்புத்துளி படியும். துடைக்கத் துணி கையிலேயே இருக்க வேண்டும்.

எதிரே அரன் தீவுகள் மூன்று. ஐரிஷ் மொழி இன்றும் புழங்கும் இடம். சாந்தின்றி அடுக்கிய கல்சுவர்களின் இடுக்கு வழியே வானம் தெரியும். மரச்சட்டத்தில் கித்தான் போர்த்தித் தார் பூசிய ‘கரக்’ படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும்.

மனிதர்களைப் படமெடுக்க அவசரம் உதவாது. புகைப்படக் கலைஞர் டோரதியா லாங் 1954இல் கிளேரிலேயே தங்கி எடுத்த விவசாயக் குடும்பப் படங்கள் 1955இல் ‘லைஃப்’ இதழில் வெளியாயின. முகம் சுளிப்பவரைப் படமெடுக்காமல் விடுவதே முறை.